ஷிபானாவுக்கு நான் எழுதிய அளவு

வில்வித்தைக் கழகத்து ஸ்டோருக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போதெல்லாம் வில் எடுக்க யாரும் நேரே வருவதில்லையாம். போனில் உயரத்தையும் எடையையும் தட்டினால், இந்த வில்தான் உனக்கு என்று அதுவே சொல்லிவிடுகிறதாம். அப்படி வாங்கிய வில்லோடு மூன்று பேர் தோள்வலி என்று வந்து நிற்கிறார்களாம்.

“ஸ்டோரம்மா, நீங்க எப்படிப் பாத்துக் குடுத்தீங்கன்னு எழுதிக் குடுங்க. கழகத்து மலர்ல போடுவோம்,” என்றாள்.

“எனக்குப் பேசவே வராது. எழுத எப்படி வரும்?”

“பேசுறவங்க எல்லாம் பேசிட்டாங்க. நீங்க எழுதுங்க,” என்று ஒரு கொப்பியை வைத்துவிட்டுப் போனாள்.

நான் படித்தது தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான். கல்யாணமாகி மாத்தளை டவுனுக்கு வந்தேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு விளையாட்டு மைதானத்தில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த மைதானத்தின் பின்பக்கத்தில், ஈரப்பலா மரத்துக்கு அந்தப்புறம், சேர் என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடுகிறவர் ஆறு வில்லோடு வந்து கழகத்தைத் தொடங்கினார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். சிங்களவர். என்னோடு பேசும்போது இரண்டு பாஷையையும் கலந்து பேசுவார். நான் துடைப்பங்களை உயரப்படி சுவரில் சாத்தி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “மேரி, நாளையிலிருந்து இந்தச் சாமானையும் நீதான் பாக்கணும்,” என்றார். அப்படித்தான் நான் வில்லுக்கு வந்தேன். மூன்று மாதம் அவர் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் என் படிப்பு. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம்.

வில் கேட்டு வருகிறவரிடம் முதலில் வில்லைக் காட்டக் கூடாது. காட்டினால் கண் அழகானதில் போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவில் ஒரு சின்னத் துவாரம் வைத்து, அதன் வழியாக ஈரப்பலா மரத்தைப் பார்க்கச் சொல்வேன். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்வேன். எந்தக் கண்ணுக்கு மரம் நகராமல் நிற்கிறதோ அதுதான் அவருடைய கண். அந்தப் பக்கத்துக் கைதான் நாணை இழுக்கும்.

அடுத்தது கையளவு. முதுகைச் சுவரில் சாத்தி, இரண்டு கையையும் சிலுவை மாதிரி நீட்டி நிற்க வேண்டும். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நடுவிரல் நுனி வரை அளந்து, வரும் அங்குலத்தை இரண்டரையால் வகுத்தால் அவர் நாணை எவ்வளவு தூரம் இழுப்பார் என்று தெரியும். இரண்டரையால் வகுப்பது எனக்கு வராது. அதனால் சேர் ஓர் அட்டையில் அறுபதுக்கு இருபத்துநான்கு, அறுபத்தைந்துக்கு இருபத்தாறு என்று எழுதிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தார். இழுப்பு குறைந்தவருக்குக் குட்டை வில், கூடினவருக்கு நெட்டை வில். அம்பை மட்டும் அந்த இழுப்பைவிட இரண்டு அங்குலம் கூட வைத்து வெட்ட வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்குப் போகப்போக நெஞ்சு திறக்கும், இழுப்பு நீளும். அம்பு நீளமாக இருந்தால் பரவாயில்லை. குட்டையாக இருந்தால் முனை வில்லுக்கு உள்ளே வந்துவிடும். வில்லைப் பிடித்திருக்கும் கை அங்கேதான் இருக்கிறது.

கடைசியாகத்தான் பாரம், அதாவது நாணை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. அதில்தான் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். வில்கமுவையிலிருந்து பஸ் ஏறி வரும் சோமா நல்ல உயரம், வயல் வேலை செய்கிறவள். முதல் நாள் நான் பதினெட்டு இறாத்தல் வில்லைக் கொடுத்ததும் சிரித்தாள்.

“ஸ்டோரம்மா, நான் நெல்லு மூட்டை தூக்குறவ. எனக்குப் போய் சின்னப் புள்ளை வில்லா?”

சேர் முப்பத்துநான்கு இறாத்தல் வில்லை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “இழுத்து வச்சுக்க. நான் பத்து வரைக்கும் எண்ணுறேன்.” மெதுவாக எண்ணினார். ஆறில் அவளுடைய முழங்கை ஆடியது. எட்டில் வில்லே ஆடியது.

“மூட்டையைத் தூக்கி முதுகுல வச்சா அது சும்மா இருக்கும்,” என்றார் சேர். “இது சும்மா இருக்காது. ஒவ்வொரு தரமும் உன்கிட்ட இருந்து ஓடப் பாக்கும்.”

“அப்ப இது என் புருஷன் மாதிரி,” என்றாள் சோமா. வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். பதினெட்டையே எடுத்துக்கொண்டு போனாள்.

சேர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவரிடம் நீல மட்டை போட்ட ஒரு கொப்பி இருந்தது. மைதானத்தில் பிழை செய்தவர் யாராக இருந்தாலும், தான் செய்ததைத் தன் கையாலேயே அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருமுறை ஒரு பாங்க் ஆபீசர் அம்பு வைக்காமல் வெறும் நாணை இழுத்து விட்டுவிட்டார். அப்படி விட்டால் அம்புக்குப் போக வேண்டிய வேகம் எல்லாம் வில்லுக்கே திரும்பும். வில்லின் மேல் தகடு விண்டுபோனது. அத்தனை பெரிய மனிதர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதினார். எனக்கு வேலை போகும் என்ற பயத்தைவிட அந்தக் கொப்பியின் பயம்தான் பெரிது. என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். அதை இன்னொருவர் பார்த்தால் அவமானம்.

ஷிபானா வந்தது நான் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது. அவளுடைய வாப்பா டவுனில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் கடைக்காரர். அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கடையில் நின்றுவிட்டு வருவதால் கிட்ட வந்தாலே மிளகு வாசம் வரும். நல்ல நெட்டையான பெண். ஆனால் தோளை முன்னால் மடித்து, தலையைக் குனிந்து, அந்த உயரத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல நடப்பாள்.

அன்று சனிக்கிழமை. ஸ்டோர் கதவு திறந்திருந்தது. வெளியே ஆண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய உம்மா வாங்கில் உட்கார்ந்திருந்தார். “கையை நீட்டுங்க பிள்ளை,” என்றேன். நீட்டினாள். ஆனால் முழங்கை மடிந்தே இருந்தது, தோளும் திறக்கவில்லை. வெளியே யாரோ சிரித்ததும் இன்னும் கொஞ்சம் சுருங்கினாள். நான் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவளுடைய முழங்கையைத் தொட்டு நிமிர்த்தி, “இன்னும் நீட்டுங்க” என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. பர்தா போட்ட பிள்ளை, தொட்டால் ஏதாவது நினைப்பார்களோ என்றும் கூச்சம். டேப்பைப் பார்த்தேன். அறுபது. அளவுக் கொப்பியில் அறுபது என்றே எழுதினேன்.

என்னுடைய கையளவே அறுபத்தொன்று. என்னைவிட அரைச் சாணுக்கு மேல் உயரமான பெண்ணுக்கு எப்படி அறுபது வரும்? என் கண்ணுக்கு அது தெரிந்தது. ஆனாலும் கை எழுதிவிட்டது. அட்டையைப் பார்த்தேன், இருபத்துநான்கு. இரண்டைக் கூட்டி, இருபத்தாறு அங்குலத்தில் அவளுக்கு எட்டு அம்பு வெட்டினேன்.

எட்டு மாதம் போனது. மற்றவர்கள் செய்த எல்லாவற்றையும் அவளும் செய்தாள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் காலை வைத்து நிற்பாள். அம்பின் வாலை நாணில் மாட்டுவாள். மூன்று விரலால் பிடித்து, ஒரு விசில் கேட்ட பிறகே இழுப்பாள். மூன்று விசில் கேட்காமல் ஒருநாளும் அம்பெடுக்கப் போகமாட்டாள். ஆனால் இழுக்கும் கை தாடைக்கு அடியில் வந்து உட்கார வேண்டும். அவளுடைய கை தாடைக்கு இரண்டு விரல் முன்னாலேயே நின்றுவிடும். ஒரு நாள் மூன்று விரல் முன்னால், ஒரு நாள் ஒன்றரை. கை ஓரிடத்தில் நிற்காவிட்டால் அம்பும் ஓரிடத்தில் போகாது.

சேர் அவளைத் தொட்டுத் திருத்தமாட்டார். நாலு எட்டுத் தள்ளி நின்றுதான் சொல்வார். “திற, ஷிபானா. நெஞ்சைத் திற. ஏன் உன்னையே பூட்டி வச்சிருக்கிற?”

“சரி சேர்,” என்பாள். மறுபடியும் அதே இடத்தில் நிற்பாள். அவளுக்குப் பலம் போதவில்லை என்று சேர் நினைத்தார். இருபது இறாத்தல் வில்லை வாங்கிக்கொண்டு பதினாறைக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அதுவும் அப்படியே.

மாகாணப் போட்டிக்கு எங்கள் பெண்கள் அணியில் நான்கு இடம். வருகிறவர்கள் ஐந்து பேர். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஷிபானா என்னிடம் மட்டும் சொன்னாள். “லிஸ்ட்ல பேர் வந்தாத்தான் இனி விடுவாராம் வாப்பா. இல்லாட்டி சனிக்கிழமையும் கடையிலதான். பேர் வராது, தெரியும்தானே.”

அந்தச் சனிக்கிழமை அம்பு பொறுக்கும்போது சோமாவின் அம்பு ஒன்று தவறி ஷிபானாவின் அம்புக் கூட்டில் போய்விட்டது. நான் ஸ்டோர் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஷிபானா அந்த அம்பை எடுத்து மாட்டி இழுத்தாள். கை நேரே தாடைக்கு அடியில் போய் உட்கார்ந்தது. தோள் திறந்தது. நான் எண்ணியதை மறந்துபோனேன். அம்பு மஞ்சள் வட்டத்தில் நின்றது. அடுத்தது அவளுடைய சொந்த அம்பு. பழையபடி தாடைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

சோமாவின் அம்பைத் திருப்பிக் கொடுக்க அவள் ஸ்டோருக்கு வந்தபோது கேட்டேன். “அந்த ஒண்ணை மட்டும் எப்படிப் பிள்ளை அவ்வளவு தூரம் இழுத்தீங்க?”

“இதுல பயம் இல்ல ஸ்டோரம்மா.”

“என்ன பயம்?”

“என்ட அம்புல முனை உள்ளுக்கு வந்திரும்தானே, கைகிட்ட. விழுந்திரும் போல இருக்கும். நான்தான் பிழையாக் கூட இழுக்கிறேன்னு நினைச்சு நிப்பாட்டிக்குவேன்.”

“சேர்ட்ட சொல்லலியா?”

“எப்படிச் சொல்ற? அவர் திற திறன்னு சொல்றாரு. நான் அம்பு பிழைன்னு சொன்னா சாட்டு சொல்ற மாதிரித்தானே.”

அவள் போன பிறகு அளவுக் கொப்பியைத் திறந்தேன். அறுபது. என் கையெழுத்து. அந்தப் பிள்ளை எட்டு மாதமாகத் தன்னைக் குறுக்கிக் குறுக்கி, நான் வெட்டின அம்புக்குள் அடங்கி நின்றிருக்கிறாள்.

அப்போதே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளுடைய அம்புகளை மட்டும் எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். சத்தமில்லாமல் நீள அம்பைக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் யோசித்தேன். ஆனால் தன்னிடம்தான் குறை என்று அவள் நினைத்துக்கொண்டே இருப்பாள். சேரும் அப்படித்தான் நினைப்பார். வியாழக்கிழமை சேர் வந்ததும் கொப்பியை விரித்து அவர் முன்னால் வைத்தேன்.

“நான் பிழையா அளந்துட்டேன் சேர். அந்தப் பிள்ளை கையை நீட்டல. நானும் நீட்டச் சொல்லல.”

சேர் கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் துடைத்தார். “நான் எட்டு மாசம் பாத்தேன் மேரி,” என்றார். “கையையும் தோளையும்தான் பாத்தேன். அம்பு முனையைப் பாக்கல.” பிறகு நீலக் கொப்பியை என் பக்கம் தள்ளினார். “எழுது.”

ஆறு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. நான் முடித்ததும் அதே பக்கத்தில் தன் பங்கைச் சிங்களத்தில் எழுதி அவரும் கையெழுத்துப் போட்டார். சேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. சனிக்கிழமை ஷிபானா வந்ததும் கொப்பியை அவளிடம் கொடுத்து, “மேரி எழுதினதை வாசிச்சு எனக்குச் சொல்லு,” என்றார்.

அவர் அதை வேண்டுமென்றே செய்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஷிபானா நின்றபடி சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாவது வரியில் சத்தம் குறைந்தது. கடைசி வரியை வாசிக்கவே இல்லை. கொப்பியை மூடினாள்.

“எட்டு மாசமா நான் என்னையத்தான் ஏசிக்கிட்டிருந்தேன், ஸ்டோரம்மா,” என்றாள். அழவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கோட்டுக்குப் போய்விட்டாள். பிறகு இரண்டு வாரம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்பு வேண்டுமென்றால் கையை நீட்டுவாள், கொடுப்பேன்.

புது அம்பு வெட்டுவதற்கான குழாய் வர ஒரு மாதமாகும் என்றார்கள். சோமா தன்னுடையதில் ஆறை எடுத்து நீட்டினாள். “எனக்கும் உனக்கும் போட்டி. என் அம்பாலயே என்னை அடி பாப்போம்,” என்றாள். ஆனால் எட்டு மாதப் பழக்கம் இரண்டு வாரத்தில் போகுமா? நீள அம்பை வைத்துக்கொண்டும் அவளுடைய கை பழைய இடத்தில் தயங்கியது. பத்து அம்பில் நான்கு சரியாகப் போகும், ஆறு போகாது. தேர்வன்று நான்காவதாக வந்த பெண்ணுக்கும் அவளுக்கும் ஐந்து புள்ளிதான் வித்தியாசம். ஐந்தாவதாக வந்தாள். லிஸ்டில் அவள் பேர் இல்லை.

வில்லைக் கழற்றித் துடைத்துப் பையில் போட்டு ஸ்டோருக்குக் கொண்டுவந்தாள். அவளே பேசினாள்.

“வாப்பா போதும்னு சொல்லிட்டாரு. அம்பு பிழைன்னு சொன்னேன். தோத்தவங்க எல்லாம் அப்படித்தான் சொல்ற, வில்லு சரியில்ல, காத்து சரியில்லன்னு சொல்றாரு.” வில் பையை என் கையில் கொடுத்து, “நீங்க வந்து சொல்லுங்க,” என்றாள்.

“நானா? சேர் சொன்னா கேப்பாரே பிள்ளை.”

“அளந்தது சேர் இல்லையே.”

நான் எந்தக் கடையிலும் விலை குறைத்துக் கேட்டவள்கூட இல்லை. திங்கட்கிழமை டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அந்தக் கடை வாசலை இரண்டு தரம் கடந்து போய்த் திரும்பி வந்தேன். மூன்றாவது தரம் ஏறினேன். உள்ளே சாக்குகளுக்கு நடுவில் நாலைந்து ஆண்கள் நின்றார்கள். ஷிபானா பின்னால் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா வேணும்?” என்றார் அவளுடைய வாப்பா.

“வாங்க வரல ஹாஜியார். நான் மைதானத்துல ஸ்டோர் பாக்கிறவ. உங்க மகளுக்கு அம்பு அளந்தது நான்தான். பிழையா அளந்துட்டேன். பிள்ளை சாட்டு சொல்லல.” மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் பாதிதான் வந்தது.

அவர் தராசில் இருந்ததை இறக்கி வைத்தார். “எவ்வளவு பிழை?”

“அறுபதுன்னு எழுதினேன். ஏழெட்டு அங்குலம் குறைச்சல்.”

“ஏழெட்டு அங்குலமா!” நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். “நான் முப்பது வருஷமா நிறுக்கிறேன். ஒரு பிடி மிளகு குறைஞ்சாலே கைக்குத் தெரியும். ஏழெட்டு அங்குலம் எப்படிம்மா பிழைக்கும்?”

கூசிப்போனேன் என்று எப்படிச் சொல்வது? தலை குனிந்து நின்றேன்.

ஷிபானா எழுந்து வந்தாள். கையில் ஒட்டிய ஏலக்காய்த் தூசைத் தட்டிவிட்டு எங்களுக்கு நடுவில் நின்றாள். “இப்படித்தான் நின்னேன் வாப்பா,” என்று முழங்கையை மடித்து, தோளைச் சுருக்கிக் காட்டினாள். அங்கே நின்ற எல்லோருக்கும் அது பழக்கப்பட்ட ஷிபானாதான். பிறகு, “இப்படி நிக்கணும்,” என்று இரண்டு கையையும் நீட்டினாள். ஒரு கை கராம்பு மூட்டைக்கு மேலே போனது. மற்றது கூரையிலிருந்து தொங்கிய தராசுச் சங்கிலியைத் தொட்டது. தலையும் நிமிர்ந்தது. வாப்பாவைவிட அவள் உயரம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“சரி, கையைப் போடு. ஆக்கள் பாக்கிறாங்க,” என்றார்.

அவள் போடவில்லை. “அளங்க ஸ்டோரம்மா,” என்றாள்.

நான் டேப்பை எடுத்தேன். ஒரு நுனியை அவளுடைய விரலில் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் முழங்கையைத் தொட்டு இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன். அத்தனை ஆண்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். “அறுபத்தேழரை,” என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

“அதுக்கு அம்பு எவ்வளவு வரும்?” என்றார் ஹாஜியார்.

“ரெண்டரையால வகுத்து, ரெண்டைக் கூட்டணும்.” அட்டை இல்லாமல் அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

அவர் கண்ணை மேலே தூக்கினார். “இருபத்தேழு. இருபத்தொன்பது அங்குலம்.” பிறகு மகளைப் பார்த்தார். அவள் இன்னும் கையை இறக்கவில்லை. தராசில் மறுபடியும் மிளகை அள்ளிப் போட்டபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“எப்ப வெட்டுறீங்க?”

“குழாய் வந்ததும், ஒரு சனிக்கிழமை.”

“நான் வந்து பக்கத்துல நிப்பேன். எனக்கு முன்னால அளந்து, எனக்கு முன்னால வெட்டணும்.”

“வாங்க ஹாஜியார்,” என்றேன்.

வந்தார். வாங்கில் உட்காராமல், நான் எட்டு அம்பையும் வெட்டி முடிக்கும் வரை நின்றார். ஒவ்வொன்றையும் கையில் வாங்கி டேப் வைத்துப் பார்த்த பிறகே மகளிடம் கொடுத்தார்.